ஏட்டுப் பிழையும் நிரல் திருத்தமும்

பழைய ஏடுகளைப் பெயர்த்தெழுதினோர் தாம் திருத்திய இடங்களை யார்க்கும் சொல்லிச் சென்றாரல்லர். கைப்பிழையால் திரிந்த சொல்லும், கற்றவர் கருதி மாற்றிய சொல்லும் ஒரே ஏட்டில் கலந்து நின்றன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பட்ட அல்லலைத் தமிழாசிரியர் அறிவர்.

கணினி நிரல் எழுதுவோர்க்கும் இவ்வல்லல் உண்டு. ஆயின் அவர்கள் ஒரு வழி கண்டனர். 1985-இல் லாரி வால் என்பார் 'பேட்ச்' என்னும் கருவியை வெளியிட்டார். நூல் முழுவதையும் அனுப்ப வேண்டுவதில்லை. இன்ன வரியை நீக்குக, இன்ன வரியைச் சேர்க்க என்னும் வேறுபாட்டை மட்டும் அனுப்பினால், பெறுவோர் தம் படியில் பொருத்திக்கொள்வர். 2005-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிட்' ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்தவர் பெயரையும் நாளையும் அவர் எழுதிய குறிப்பையும் காத்து வைக்கிறது. பாடபேதம் அடிக்குறிப்பில் ஒதுங்காமல் நூலோடு ஒட்டியே நிற்கின்றது எனலாம்.

இனித் தமிழுக்கு வருவோம். 'தமிழ்' என்பதில் எழுத்து மூன்றென்று சிறுவரும் கூறுவர். பைத்தான் மொழியில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என விடை வரும். யூனிகோடில் 'மி' என்பது மகரமும் இகரக் குறியும். 'ழ்' என்பது ழகரமும் புள்ளியும். அகரவரிசை இதனினும் இடர் தருவது. இந்திய மொழிகட்கெல்லாம் ஒரே சட்டகமாக அமைந்த இஸ்கி முறையைப் பின்பற்றியதால், யூனிகோடில் ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகர ழகரங்களும், நகரத்தை அடுத்து னகரமும் நிற்கின்றன. எண்ணையே நம்பும் நிரல் 'வளி'யை முன்னும் 'வழி'யைப் பின்னும் வைக்கும். நம் நெடுங்கணக்கில் ழகரம் முந்தியது அன்றோ!

'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி பற்றி 2009-இல் கட்டுரை வெளியிட்ட முத்தையா அண்ணாமலை முன்னின்று வளர்த்த 'ஓப்பன் தமிழ்' நூலகம் எழுத்துகளைப் பிரிக்கவும் தமிழ் முறையில் வரிசைப்படுத்தவும் வழி செய்கிறது. அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்தது. இத்தகைய நிரலைத் திருத்த விரும்புவார் தமக்கொரு படி எடுத்து மாற்றுவர். 'வழி' முன், 'வளி' பின் என்பது போன்ற சோதனை ஒன்றையும் உடன் எழுதி அனுப்புவர். பொறுப்பாளர் ஆராய்ந்து வினவுவார். ஏற்பார் அல்லது மறுப்பார். மறுத்த காரணமும் பலர் காணக் கிடக்கும். ஏடெழுதினோர் காலத்தில் இல்லாத வசதி இது!

மலேசியாவில் 1985-இலேயே முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். அதன் அருமை பெரிது. ஆயினும் அது ஆக்கியோர் கையில் உள்ள மூலம். பிறர் புகுந்து திருத்துவதற்கில்லை.

கடலை வணிகத்தால் பேர்பெற்ற புந்தோங்கில், மாணவர்க்குச் சொற்பட்டியல் ஆக்கும் ஆசிரியர் ஒருவர் 'வளி' முந்தி நிற்கக் கண்டால், பிழையென்று உணர இலக்கண அறிவே போதும். நிரல் அறியாரும் பிழையை எடுத்துக்காட்டோடு தெரிவிக்கலாம். அதனையும் பங்களிப்பாகவே கொள்வர். உண்மையில், நிரலாளர் பலர்க்கு இல்லாதது இவ்விலக்கண அறிவே.

யூனிகோடில் ஓர் எழுத்துக்கு ஒருமுறை தந்த எண் பின்னர் மாறாது என்பது விதி. ஆதலின் 'வழி'யை முன்னிறுத்தும் வேலையைப் புதிதாக எழும் ஒவ்வொரு தமிழ் நிரலிலும் எவரேனும் ஒருவர் நினைவாகச் செய்தாக வேண்டும்.