அளக்கப்பட்ட இணையம்: இந்திய அகலக்கற்றைக் கட்டணமும் மென்பொருள் புதுப்பிப்பும் (1995–2017)

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் இறங்கும் தரவின் அளவுக்கேற்ப அகலக்கற்றைக் கட்டணம் வகுக்கப்பட்ட காலத்தில், மென்பொருள்கள் பயனர் கேளாமலே தரவை இறக்கத் தொடங்கியிருந்தன. இவ்விரு ஏற்பாடுகளுக்கும் இடையிலான முரணையும், அதன் செலவு யார்மீது விழுந்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அகலக்கற்றை, தரவு வரம்பு, மென்பொருள் புதுப்பிப்பு, வைஃபை.

முன்னுரை

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. தொலைபேசிவழி இணைப்பில் அளக்கப்பட்டது நேரம். இணைப்பைத் துண்டித்ததும் செலவு நின்றது. ஆகவே அளவீடு பயனரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டியதாக இருந்தது. அகலக்கற்றையின் வருகையோடு இந்நிலை மாறியது.

தரவு வரம்பின் தோற்றம்

2004 அக்டோபரில் வெளியான அகலக்கற்றைக் கொள்கை, குறைந்தது 256 கிலோபிட் வேகமுடைய, எப்போதும் இணைந்திருக்கும் சேவையை அகலக்கற்றை என வரையறுத்தது. 2010க்குள் 2 கோடி இணைப்புகள் என்பது அதன் இலக்கு; அவ்வாண்டின் இறுதியில் எட்டப்பட்டது சற்றேறக்குறைய 1.1 கோடி. 2005 ஜனவரியில் பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம் தனது சேவையைத் தொடங்கியது. அதன் தொடக்கக்காலத் திட்டங்களுள் மாத வரம்பு 400 மெகாபைட்டாக அமைந்தவையும் இருந்தன. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு.

பன்னாட்டு அலைத்திறனின் அதிக விலை வரம்புக்கு ஒரு காரணம். பன்னாட்டுத் தனிச் சுற்றுகளின் கட்டணத்துக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2005இல் உச்சவரம்பு விதித்தது இதனை உணர்த்தும். ஆயினும் பின்னர் வந்த சில திட்டங்களில் அதிகாலை 2 முதல் 8 மணி வரையிலான பயன்பாடு கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஒரே அளவு தரவு பகலில் விலையுடையதாகவும் இரவில் விலையற்றதாகவும் இருந்ததால், நெரிசலைக் குறைப்பதும் வரம்பின் நோக்கம் எனக் கொள்ளலாம்.

கேளாமல் இறங்கிய தரவு

2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் நிரல்புழு பயன்படுத்திய பிழைக்கு மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய ஜூலையிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகளே தாக்குதலுக்கு ஆளாயின. எனவே தானியங்கிப் புதுப்பிப்பு பாதுகாப்பின் அடிப்படை ஆயிற்று. ஓராண்டுக்குப் பின் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2இன் முழுத் தொகுப்பு சுமார் 266 மெகாபைட். அதாவது 400 மெகாபைட் வரம்பில் மூன்றில் இரண்டு பங்கு. தானியங்கி முறையில் தேவையான பகுதிகள் மட்டும் இறங்கினாலும் அது சிறிய சுமை அன்று.

எக்ஸ்பியின் பின்னணிப் பரிமாற்றச் சேவை, வலையமைப்பு ஓய்ந்திருக்கும் இடைவெளி பார்த்துத் தரவை இறக்கியது. பயனரின் வேகத்தைக் கெடுக்காமை அதன் நோக்கம். அளவைக் காத்தல் அதன் கருத்தில் இல்லை. அதிகாலை 3 மணி என்னும் இயல்பு அமைப்பும் நிறுவுதலுக்கே உரியது. இறக்கம் பகலிலும் நிகழலாம். ஆகவே புதுப்பிப்பை நிறுத்திவைத்தல், கணினி இதழ்களுடன் வந்த குறுவட்டுகளை நாடுதல் ஆகியவை சிக்கனத்தின் வழிகளாயின. முதலாவது வழி பணத்தைக் காத்துக் கணினியைக் காவலின்றி விட்டது.

கம்பியும் காற்றும்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்த மத்திய அரசு அனுமதித்ததும் 2005 ஜனவரியிலேயே. வைஃபை திசைவி வந்தபின் ஒரே வரம்பைப் பல கருவிகள் பகிர்ந்தன. ஒவ்வொரு கருவியும் தன் புதுப்பிப்பைத் தனித்தனியே இறக்கியது.

2012இல் வெளியான விண்டோஸ் 8, ஓர் இணைப்பை 'அளவிடப்படுவது' எனக் குறிக்கும் வசதியைத் தந்தது. ஆனால் அமைப்புப் பக்கத்தில் அவ்வசதி கைப்பேசி, வைஃபை இணைப்புகளுக்கே கிடைத்தது. கம்பிவழி இணைப்புக்கு அது 2017இல்தான் வந்தது. கம்பியில் வருவது வரம்பற்றது என்ற எண்ணம் இவ்வடிவமைப்பில் உறைந்திருந்தது. வரம்புடைய இந்தியத் தொலைபேசிக் கம்பிக்கு அது பொருந்தவில்லை.

முடிவுரை

இறங்கும் தரவு யாவும் பயனரின் விருப்பம் என்பது கட்டண முறையின் கருதுகோள். இணைப்புக்கு அளவில்லை என்பது மென்பொருளின் கருதுகோள். இரண்டும் தத்தம் சூழலில் நியாயமானவை. சந்தித்த இடத்தில், உற்பத்தியாளரின் பிழையைத் திருத்தும் செலவு பயனரின் மாதக் கட்டணத்தில் சேர்ந்தது. குறைந்த கட்டணத் திட்டத்தில் இருந்தவருக்கே அச்சுமை மிகுதி. பாதுகாப்பைக் கைவிடும் நெருக்கடியும் அவருக்கே அதிகம். எனவே இந்திய இணைய வரலாற்றை இணைப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் எழுதுவது போதாது. அளவீட்டின் வரலாறும் அதில் இடம்பெற வேண்டும்.