தொடக்கப் பெட்டியின் வரலாறு

வாணிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் மரக்கலங்களையும் துறைமுகங்களையும் பெருவணிகக் குழுக்களையும் பற்றியே மிகுதியாக எழுதுவர். ஒரு பெண் தன் கையில் தூக்கிச் செல்லும் பெட்டியும் அவ்வரலாற்றில் இடம்பெறத் தக்கது என்பது பலர் நினைவிற்கு வருவதில்லை. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வளர்ந்து, பின்னர் உலகின் பல பகுதிகளுக்கும் பரவிய வீட்டுக்கூடல் விற்பனை முறை அத்தகைய பெட்டி ஒன்றை நம்பியே நின்றது. சமையலறைப் பொருள்களை விற்க முன்வரும் புதியவர் முதன்முதலில் பெற்றுக்கொள்ளும் மாதிரிப் பொருள்களின் தொகுதியே அது. அதனைத் தொடக்கப் பெட்டி எனலாம்.

அப்பெட்டியில் எதனை வைப்பது, எதனை விடுப்பது, அதன் விலையை யார் கொடுப்பது, விலைபோகாது எஞ்சியதை யார் ஏற்பது என்னும் நான்கு வினாக்களும் மேலோட்டமாகப் பார்ப்போர்க்குச் சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும், இல்லத்தரசிகள் பலர் தம் காலில் நின்றதற்கும், வேறு பலர் தம் சிறுசேமிப்பை இழந்ததற்கும் இவ்வினாக்களுக்குக் கிடைத்த விடைகளே காரணமாயின.

பெட்டியின் முன்னோர்

வீடுதோறும் சென்று விற்கும் வழக்கம் மிகப் பழையது. அதனை ஒழுங்குபட்ட முறையாக மாற்றியவருள் டேவிட் மெக்கானல் என்பவர் குறிப்பிடத்தக்கவர். நூல் விற்பனையாளராக இருந்த அவர் 1886ஆம் ஆண்டில் நியூயார்க்கில் நறுமண நீர் விற்பனையைத் தொடங்கினார். நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தைச் சேர்ந்த ஆல்பி அம்மையார் அவருடைய முதற் பெண் விற்பனையாளரானார். பிற்காலத்தில் ஏவான் என்று பெயர்பெற்ற நிறுவனம் இதுவே. பெண்ணொருத்தி மாதிரிப் பெட்டியுடன் அண்டை அயலாரிடம் செல்லும் வழக்கத்திற்கு இது வழிகாட்டிற்று.

1906இல் ஆல்பிரட் புல்லர் தொடங்கிய தூரிகை நிறுவனம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. அந்நிறுவனத்தின் விற்பனையாளர் கதவைத் திறந்த இல்லத்தரசிக்குச் சிறு தூரிகை ஒன்றை இலவசமாகக் கொடுத்தனர். பெட்டியில் உள்ள பொருள்கள் அனைத்தும் விற்பதற்குரியன அல்ல. ஒன்றேனும் கதவைத் திறப்பதற்கு உரியதாதல் வேண்டும் என்பதே அப்பாடம். அலுமினியப் பாத்திரம் விற்றோர் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். வீடு ஒன்றில் பலரைக் கூட்டி, அப்பாத்திரங்களிலேயே சமைத்துப் பரிமாறி, உண்டவரிடம் விற்றனர்.

இம்முறை வளர்வதற்குச் சட்டமும் ஒரு காரணமாயிற்று. வியோமிங் மாநிலத்தின் கிரீன் ரிவர் நகரம் 1931இல், அழைப்பின்றி வீடுதோறும் சென்று விற்பதற்குத் தடை விதித்தது. பிற நகரங்கள் பலவும் அதனைப் பின்பற்றின. அழையாது வருபவரைத்தான் சட்டம் தடுக்கும்; இல்லத்தலைவியே அண்டை வீட்டாரை அழைத்துக் கூட்டினால் அதனைத் தடுக்க இயலாது. அதே 1931ஆம் ஆண்டில் பிராங்க் ஸ்டான்லி பெவரிட்ஜ் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய ஸ்டான்லி வீட்டுப்பொருள் நிறுவனம், துடைப்பங்களையும் தூரிகைகளையும் இவ்வகைக் கூடல்களின் வாயிலாகப் பேரளவில் விற்றது. கூடலுக்கு இடமளித்த இல்லத்தலைவிக்குப் பரிசுப் பொருள் வழங்கும் வழக்கமும் நிலைபெற்றது.

கடையில் தோற்ற கிண்ணம்

வீட்டுக்கூடல் விற்பனைக்கு உலகப் புகழ் தேடித்தந்தது டப்பர்வேர் எனும் பிளாஸ்டிக் பாத்திரமாகும். மலேசிய, சிங்கைத் தமிழர் இல்லங்களிலும் அப்பெயர் அறியப்பட்டதே. அதனை உருவாக்கிய எர்ல் டப்பர் 1907இல் நியூ ஹாம்ப்சயரில் பிறந்தவர். மரம் பேணும் தொழிலை நடத்தி 1936இல் கடனில் மூழ்கினார். பின்னர் டூபாண்ட் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பிரிவில் சிறிது காலம் பணியாற்றி, 1938இல் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பாலிஎதிலீன் எனும் பொருள், இரண்டாம் உலகப் போரின்போது ராடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்டது. அதனைத் தூய்மைப்படுத்தி வீட்டுப் பாத்திரமாக்கும் வழியை டப்பர் கண்டார். 1946இல் அவருடைய கிண்ணங்கள் விற்பனைக்கு வந்தன. வண்ணப்பூச்சுத் தகரத்தின் மூடியைத் தலைகீழாக்கியது போன்ற அமைப்புடைய மூடியை அவற்றுக்கு அமைத்தார். மூடியை அழுத்தி, ஓரத்தைச் சற்றே தூக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினால் கிண்ணம் இறுக மூடிக்கொள்ளும். 1947இல் இல்ல அழகு பற்றிய இதழொன்று இக்கிண்ணங்களைக் கலைப்பொருள் எனவே பாராட்டியது.

இத்துணைச் சிறப்பிருந்தும் கடைகளில் அவை விலைபோகவில்லை. காரணம் எளியது. மூடியை இயக்கும் முறையைக் கடையின் அடுக்கு சொல்லித் தராது. வாங்கிச் சென்றவருள் சிலர், மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்தனர். பொருளில் குறையில்லை, அதனை விளக்கிக் காட்டும் கையும் நாவும் இல்லாமையே குறை.

பிரவுனி வைஸ்

அக்குறையை நிறைத்தவர் பிரவுனி வைஸ் எனும் பெண்மணி. 1913இல் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த அவர், மணமுறிவுக்குப் பின் ஒரே மகனை வளர்க்கும் பொறுப்பைத் தனித்துச் சுமந்தார். ஸ்டான்லி நிறுவனத்தின் பொருள்களை விற்று முன்னேறிய அவர், டப்பர்வேர் கிண்ணங்களைக் கண்டதும் அவற்றைத் தம் கூடல்களில் விற்கத் தொடங்கினார். நீர்மம் நிறைந்த கிண்ணத்தை இறுக மூடி, கூடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு வீசுவார். ஒரு துளியும் சிந்தாது. கூடியிருந்தோர் வியந்து வாங்குவர்.

கடைகளைவிட இவ்வம்மையாரும் இவரை ஒத்தோரும் மிகுதியாக விற்பதைக் கண்ட டப்பர், 1951இல் வைஸ் அம்மையாரை நிறுவனத்தின் துணைத் தலைவராக்கினார். அவ்வாண்டிலேயே தம் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்று, வீட்டுக்கூடல் ஒன்றையே விற்பனை வழியாகக் கொண்டார். 1954இல் பிசினஸ் வீக் எனும் வணிக இதழின் அட்டையில் வைஸ் அம்மையாரின் படம் இடம்பெற்றது. அவ்விதழின் அட்டையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. 1960இல் இங்கிலாந்திலும் இக்கூடல்கள் தொடங்கின.

பெட்டிக்குரிய பொருளின் இயல்புகள்

இவ்வரலாற்றை உற்றுநோக்கின், தொடக்கப் பெட்டிக்குரிய பொருளின் இயல்புகள் தாமே புலனாகும்.

முதலாவது, செய்து காட்டத் தக்கதாய் இருத்தல். கண்முன் நிகழும் மாற்றமே கூடலின் உயிர். கண்டவுடன் பயன் விளங்கும் சாதாரணக் கரண்டிக்கு விளக்குவோர் வேண்டுவதில்லை. விளக்கினாலன்றிப் பயன் விளங்காத பொருளுக்கே அப்பெட்டியில் முதலிடம்.

இரண்டாவது, விலையில் ஏற்றத்தாழ்வு இருத்தல். வந்தவர் யாவரும் ஒரே நிலையினர் அல்லர். சில காசுகளுக்கு வாங்கத்தக்க சிறு பொருளும், நடுத்தர விலையுள்ள பொருளும், ஆசையைத் தூண்டும் உயர்விலைப் பொருள் ஒன்றும் இருந்தால், எவரும் வெறுங்கையுடன் திரும்பி நாணும் நிலை ஏற்படாது.

மூன்றாவது, சுமந்து செல்ல எளிதாய் இருத்தல். ஒன்றனுள் ஒன்று அடங்கும் கிண்ணத் தொகுதி இவ்வகையில் மிகச் சிறந்தது. இடமும் மிகாது, பாரமும் இராது, விழுந்தால் உடையவும் உடையாது. கண்ணாடிப் பாத்திரமோ வார்ப்பிரும்புச் சட்டியோ பேருந்தில் செல்லும் பெண்ணுக்கு ஏற்றதன்று.

நான்காவது, விற்பவர் தம் வீட்டிலும் பயன்படுத்தத் தக்கதாய் இருத்தல். தான் அன்றாடம் கையாளும் பொருளைப் பற்றிப் பேசுபவரின் சொல்லுக்குத் தனி வலிமை உண்டு. விற்பனையை விட்டுவிட நேர்ந்தாலும், பெட்டி முற்றும் வீணாகாமல் அவர்தம் அடுக்களைக்கு உதவும்.

ஐந்தாவது, எண்ணிக்கையில் அளவாய் இருத்தல். இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். தொடக்கப் பெட்டியின் விலை 100 வெள்ளி என்றும், விற்பனையில் விற்பவருக்குரிய பங்கு நூற்றுக்கு 25 என்றும் கொள்வோம். 400 வெள்ளிக்கு விற்ற பின்னரே அவர் போட்ட முதல் திரும்பும். ஒரு கூடலில் 100 வெள்ளிக்கு விற்பனை நடந்தால் அதற்கு நான்கு கூடல்கள் வேண்டும். செய்து காட்டுவதற்குப் பயன்படாத பொருள்களையும் சேர்த்துப் பெட்டியை 200 வெள்ளியாக்கினால் எட்டுக் கூடல்கள் வேண்டும். உறவினரும் தோழியரும் முதல் நான்கு கூடல்களோடு தீர்ந்துவிடுவர். ஐந்தாம் கூடலைக் கூட்ட இயலாதவர் இழப்போடு விலகுவார். பெட்டியில் கூடுதலாக வைக்கப்படும் ஒவ்வொரு பொருளும் புதியவர் ஏறவேண்டிய படியை உயர்த்துகின்றது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

ஓர் ஆசிரியையின் தேர்வு

இவ்வுண்மையைத் தம் செயலால் மெய்ப்பித்தவர் டோரிஸ் கிறிஸ்டோபர் அம்மையார். இவர் மனையியல் கற்பித்தவர். சிகாகோவை அடுத்த ஊரொன்றில் வாழ்ந்த இவர், 1980இல் ஆயுள் காப்புறுதியின் பேரில் 3,000 அமெரிக்க வெள்ளி கடன் பெற்று, சிகாகோவின் மொத்த வணிகச் சந்தையில் சமையற் கருவிகளை வாங்கினார். தம் வீட்டின் நிலவறையையே கிடங்காகக் கொண்டு தொழில் தொடங்கினார். பாம்பர்ட் செப் எனும் பெயர்பெற்ற அந்நிறுவனத்தை 2002இல் வாரன் பபெட்டின் பெர்க்சயர் ஹாத்தவே நிறுவனம் வாங்கியது.

புதுமையான பொருளைக் கண்டுபிடித்து இவர் வெற்றி பெறவில்லை. தொழில்முறைச் சமையற்காரர் அறிந்திருந்தும் இல்லத்தரசிகள் அறியாதிருந்த நல்ல கருவிகளைத் தேர்ந்தார். கூடலில் அவற்றைக் கொண்டே சமைத்துக் காட்டினார். ஒரே உணவைச் சமைக்கும்போது பல கருவிகள் கைமாறிக் கைமாறிப் பயன்படும். அக்கருவிகளே பெட்டிக்குரியவை. வகுப்பறையில் துணைக்கருவியின்றிப் பாடம் நடத்த இயலாது. அதுபோன்றே அளவிறந்த துணைக்கருவிகளைக் குவித்தாலும் பாடம் மறைந்துவிடும். அவ்வம்மையாரின் ஆசிரியப் பயிற்சி வாணிகத்திற்கும் பயன்பட்டது எனலாம்.

எஞ்சியதை ஏற்பது யார்?

கூடலில் வாங்குவோர் முன்பதிவு செய்வர். பொருள் பின்னர் வந்து சேரும். ஆதலால் விற்பவர் பெரும் சரக்கை வைத்திருக்க வேண்டுவதில்லை, மாதிரிகள் போதும். இதுவே இம்முறையின் அறம் சார்ந்த சிறப்பு. மாதிரிப் பெட்டி சரக்கு மூட்டையாக மாறும்போது அச்சிறப்பு அழிகின்றது. பொருளை நுகர்வோர்க்கு விற்பதைவிட, புதிய விற்பனையாளர் தலையில் பெட்டியைக் கட்டுவதே ஊதியம் தரும் தொழிலாகிவிட்டால், அது வாணிகம் அன்று. ஆள் சேர்க்கும் சூழ்ச்சியாகும்.

அரசுகளும் இதனை உணர்ந்தன. சிங்கப்பூர் 1973இலேயே பிரமிட் விற்பனையைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் 1979இல் ஆம்வே நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்தபோது, விற்காத சரக்கை விலகுவோரிடமிருந்து திரும்பப் பெறும் விதியையும், நுகர்வோர்க்கு உண்மையில் விற்கவேண்டும் எனும் விதியையும் சிறப்பாகக் கருத்திற்கொண்டது. மலேசியா 1993இல் நேரடி விற்பனைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2011இல் பிரமிட் திட்டங்களைத் தடுக்கும் விதிகளும் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டன. வணிகர்க்குரிய நெறியை நடுவுநிலைமை அதிகாரத்திலே வள்ளுவர் வைத்ததன் நுட்பம் ஈண்டு எண்ணத்தக்கது. விற்பவர், வாங்குபவர் ஆகிய இருவருக்கும் தராசு ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

அத்தராசு பிரவுனி வைஸ் அம்மையாருக்கே நேராக நிற்கவில்லை என்பது வரலாற்றின் வேதனை. 1958ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். நிறுவனத்தில் அவருக்குப் பங்கு எதுவும் இல்லை. வழக்காடிப் பெற்றது ஏறத்தாழ 30,000 அமெரிக்க வெள்ளியே. அதே ஆண்டில் டப்பர் தம் நிறுவனத்தை ரெக்சால் நிறுவனத்திற்கு 1 கோடியே 60 இலட்சம் வெள்ளிக்கு விற்றார். ஆயிரக்கணக்கான பெண்களின் கையில் பெட்டியைக் கொடுத்தவர் 1992இல் மறைந்தபோது அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

பெட்டியின் மதிப்புக் குறைந்த காலம்

காப்புரிமைக் காலம் முடிந்ததும் அதுபோன்ற பாத்திரங்கள் மலிவாக எங்கும் கிடைத்தன. மூடியை இயக்கும் முறையும் எல்லாரும் அறிந்ததாயிற்று. 2001இல் டப்பர்வேர் நிறுவனம் டார்கெட் எனும் பேரங்காடியில் தன் பொருள்களை வைத்தது. கடையிலேயே கிடைப்பதற்குக் கூடல் எதற்கு என மக்கள் எண்ணினர். அமெரிக்காவில் கூடல் விற்பனை சரிந்தது. 2003இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2022இல் மீண்டும் அதே அங்காடிக்குச் சென்ற நிறுவனம், 2024 செப்டம்பரில் நொடிப்புநிலைப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியது. செய்து காட்டுவதற்கு ஒன்றும் இல்லாத பொருளுக்குக் கூடல் தேவையில்லை எனும் உண்மையை, கடையில் தோற்றுக் கூடலில் வென்ற அதே கிண்ணம் உலகிற்கு இரண்டாம் முறை உணர்த்திற்று.

முடிவுரை

தொடக்கப் பெட்டியின் வரலாறு மாணாக்கர்க்கும் ஆசிரியர்க்கும் சில தெளிவுகளைத் தருகின்றது. ஒரு தொழிலில் சேர அழைக்கப்படுபவர் அதன் பெட்டியைத் திறந்து நோக்குதல் வேண்டும். அதில் உள்ளவை பிறர்க்குப் பயனை விளக்குவதற்காக வைக்கப்பட்டனவா, அவரிடமிருந்தே பணம் பெறுவதற்காக வைக்கப்பட்டனவா என ஆராய்தல் வேண்டும். எஞ்சியதைத் திருப்பிக் கொடுக்க வழியுண்டா எனக் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களைக் கேட்கும் துணிவும் கணக்கிட்டுப் பார்க்கும் அறிவும் பெற்ற பெண், பெட்டியைத் தூக்கினாலும் தூக்காது விட்டாலும், பிறரால் ஏமாற்றப்படாள். அவ்வறிவையும் துணிவையும் ஊட்டுவது கல்வியின் கடமையாகும்.