கதிருக்கு இணங்காத எலும்புப் புற்று

எலும்பில் தோன்றும் புற்றுநோய்கள் எல்லாம் கதிர்வீச்சுக்கு ஒரே விதமாக இணங்குவதில்லை. 1921இல் அமெரிக்க நோயியலாளர் ஜேம்ஸ் யூயிங் எலும்புக் கட்டி வகையொன்றைத் தனி நோயாகப் பிரித்து விவரித்தார். ரேடியத்தின் முன் அது விரைவாகச் சுருங்கியதே அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்றாக இருந்தது. இன்று அது யூயிங் சார்கோமா எனப்படுகிறது. வளரிளம் பருவத்தினரின் முழங்காலையொட்டி அதிகமாகத் தோன்றும் ஒஸ்டியோசார்கோமாவோ அவ்வாறு இணங்கவில்லை. கதிர் பட்டதும் வலி தணியும். ஆனால் கட்டி பெரும்பாலும் மீண்டும் வளரும். அந்தப் பிடிவாதம் எங்கே இருக்கிறது, அதை எப்படித் தளர்த்துவது என்ற தேடலுக்கு ஏறக்குறைய நூறு வயதாகிறது.

கதிரின் அளவைக் கூட்டுவதே முதலில் தோன்றும் வழி. அதற்கு எலும்பே தடையாக நின்றது. அக்காலத்து எக்ஸ் கதிர்க் கருவிகளின் குறைந்த சக்திக் கதிர்களை, கல்சியம் நிறைந்த எலும்பு சூழவுள்ள தசையைவிடப் பன்மடங்கு உறிஞ்சிக்கொண்டது. அதனால் கட்டி அழியுமுன் நல்ல எலும்பு செத்து முறிந்தது. கதிர் தானே எலும்புப் புற்றை விளைவிக்கும் என்பதும் அதே காலத்தில் தெரியவந்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் கடிகார முகப்புகளுக்கு ரேடிய வர்ணம் பூசிய இளம் பெண்களின் எலும்புகளில் சார்கோமா தோன்றியதை, மருத்துவர் ஹரிசன் மார்ட்லண்ட் 1920களின் இறுதியில் பதிவு செய்தார். தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. கதிர் மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் அந்தப் பெண்களைக் கடந்து போய்விடக் கூடாது.

1951இல் கனடாவில் கோபாற்று-60 கருவி சிகிச்சைக்கு வந்தபோது முதல் தடை நீங்கியது. அதன் உயர்சக்திக் கதிர் எலும்பையும் தசையையும் ஏறத்தாழ ஒரே அளவில் ஊடுருவியது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் சென்னை அடையாறில் திறக்கப்பட்ட புற்றுநோய் நிலையத்துக்கும் அந்தப் பத்தாண்டு முடியுமுன்பே கோபாற்று கருவி வந்து சேர்ந்தது. ஆனால் கருவி மாறியதே தவிர, ஒஸ்டியோசார்கோமாவின் இயல்பு மாறவில்லை.

அக்காலத்தில் இந்நோய்க்குக் கதிரைப் பயன்படுத்தியவர்களுள் முதன்மையானவர் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டான்ஃபோர்ட் கேட். காலை வெட்டி எடுத்த பின்னரும் பெரும்பாலானோர் ஓராண்டு, ஈராண்டுக்குள் நுரையீரலில் நோய் பரவி இறப்பதை அவர் கண்டார். எப்படியும் இறக்கப்போகும் பிள்ளையின் காலை வெட்டுவது ஏன் என்று அவர் கேட்டார். கட்டிக்கு முதலில் முழு அளவு கதிர் கொடுத்து, சில மாதங்கள் காத்திருந்து, நுரையீரல் தெளிவாக இருந்தவர்களுக்கு மட்டுமே அவர் காலை அகற்றினார். 133 நோயாளிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு 1955இல் வெளிவந்தது. பிழைத்தோரின் வீதத்தை அந்த முறை பெரிதாக உயர்த்தவில்லை. ஆனாலும் பயனற்ற உறுப்பு நீக்கத்திலிருந்து பலரை அது காத்தது. அகற்றப்பட்ட சில கால்களில் கதிர் பட்ட கட்டியில் உயிருள்ள புற்றுக் கலம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. வேறு சிலவற்றில் எஞ்சியிருந்தது. இந்த நோயைக் கதிர் வெல்லவே முடியாது என்ற பொதுக் கருத்து முழு உண்மையல்ல என்பதற்கு அதுவே சான்று.

எஞ்சிய கலங்கள் ஏன் எஞ்சின என்பதற்கான விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1909இலேயே வியன்னாவில் கொட்வால்ட் சுவார்ஸ், தோலை அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைத்தால் கதிரின் தாக்கமும் குறைவதைக் கவனித்திருந்தார். அதன் பொருளை 1953இல் பிரித்தானிய இயற்பியலாளர் எல். எச். கிரேயும் அவரது குழுவினரும் விளக்கினர். கதிர் டி.என்.ஏ.யில் ஏற்படுத்தும் சேதத்தை அருகிலுள்ள ஒட்சிசன் நிலைக்கச் செய்கிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் அதே விளைவைப் பெற இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படுகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து தொம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கு தூரம் கடந்ததும் கலங்கள் மூச்சுத் திணறி மடிந்திருந்தன. மடிந்தவற்றுக்கும் வாழ்பவற்றுக்கும் இடையே, பட்டினியில் உயிர் பிடித்திருக்கும் கலங்கள்தான் கதிருக்குத் தப்புகின்றன என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது.

அப்படியானால் ஒட்சிசனை ஊட்டினால் போதாதா? இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் சேர்ச்சில்-டேவிட்சன் 1955 முதல் நோயாளிகளை மூடிய அழுத்த அறைக்குள் கிடத்தி, 3 வளிமண்டல அழுத்தத்தில் ஒட்சிசன் சுவாசிக்கச் செய்து கதிர் கொடுத்தார். சில புற்றுகளில் பலன் தெரிந்தது. ஆனால் வலிப்பு வரும் அபாயமும் ஒவ்வொரு தடவையும் தேவைப்பட்ட பெரும் ஏற்பாடும் அந்த முறையை வழக்கத்துக்கு வரவிடவில்லை.

இரசாயன வழி இன்னொன்று. பிரிந்து பெருகும் கலம் டி.என்.ஏ. கட்டத் தைமிடினைத் தேடும்போது, அதைப் போலவே தோற்றமளிக்கும் புரோமோடியொக்சியூரிடினைக் கொடுத்தால் கலம் ஏமாந்து அதையே சேர்த்துக்கொள்கிறது. அப்படிக் கட்டப்பட்ட டி.என்.ஏ. கதிருக்கு எளிதில் உடைகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று இந்த மருந்தைக் கட்டிக்குச் செல்லும் தமனி வழியே செலுத்தி, கதிரையும் மருந்துச் சிகிச்சையையும் சேர்த்து ஒஸ்டியோசார்கோமாவுக்குச் சிகிச்சையளித்த விவரம் 1985இல் வெளியானது. தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு நெருங்கிய பணி அடையாறில் நடந்தது. வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் பிளியோமைசினைக் கதிருடன் இணைத்து வாய்ப்புற்றுக்குச் சிகிச்சையளித்து, 1980இல் முடிவுகளை வெளியிட்டனர். அது எலும்புப் புற்றல்ல. வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் அங்கு பெருகியிருந்த நோயையே அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆனால் கதிரின் தாக்கத்தை மருந்தால் எப்படிக் கூட்டுவது என்ற கேள்வி ஒன்றே.

இதற்கிடையே 1970களில் மெதொட்ரெக்சேட், அட்ரியாமைசின் போன்ற மருந்துகள் ஒஸ்டியோசார்கோமாவின் போக்கையே மாற்றின. ஐந்தில் ஒருவர் மட்டுமே பிழைத்த நிலை மாறி, பரவாத நோயுள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கத் தொடங்கினர். காலை வெட்டாமல் கட்டியை மட்டும் அகற்றும் சத்திரசிகிச்சையும் வளர்ந்தது. கதிர் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இடுப்பெலும்பு, முள்ளந்தண்டு, மண்டையோட்டின் அடிப்பகுதி போல, கத்தி எட்டாத இடங்களில் நோய் வந்தவர்களுக்கு மட்டும் அது தேவைப்பட்டது. அவர்களுக்கோ வேறு வழியே இருக்கவில்லை.

அவர்களுக்கு நம்பிக்கை தரும் ஆய்வு ஜப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தது. யசுஹிரோ ஒகாவாவும் குழுவினரும் கதிருக்கு மிகவும் பிடிவாதமான ஒஸ்டியோசார்கோமாக் கலவரிசை ஒன்றை எடுத்துக்கொண்டனர். தனிக் கதிருக்கு மசியாத அந்தக் கலங்கள், புண் கழுவப் பயன்படும் ஐதரசன் பெரொட்சைட்டுடன் கதிர் சேர்ந்தபோது மடிந்தன. 2003இல் இது வெளியானது. கலத்திலுள்ள ஒட்சியேற்ற எதிர்ப்பு நொதியங்கள் கதிரின் விளைவைத் தணிக்கின்றன. பெரொட்சைட்டை உடைக்கும் வேலையில் அவை ஈடுபடும்போது அந்தக் காப்பு தளர்கிறது, கூடவே ஒட்சிசனும் வெளிவருகிறது. அழுத்த அறையில் முயன்றது இங்கே கட்டிக்குள்ளேயே நடக்கிறது. பின்னர், எரிச்சலைத் தணிக்கவும் விரைவில் சிதையாமல் இருக்கவும் சோடியம் ஹயலூரோனேற்றுடன் கலந்து, அதைப் பல வகைக் கட்டிகளுக்குள் ஊசி வழியே செலுத்தும் முறை உருவானது. விலை உயர்ந்த மருந்துகளுக்கு வழியில்லாத நாடுகளில் இதற்குத் தனி மதிப்புண்டு.

எதிர்ப்பைத் தளர்த்தாமல் கதிரின் இயல்பை மாற்றுவது மற்றொரு வழி. ஜப்பானின் சிபா நகரில் 1994 முதல் கொடுக்கப்பட்டுவரும் காபன் அயன் கதிர் ஒட்சிசனை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. இரு வழிகளையும் இணைத்து, எலும்பைத் தேடிச் சென்று படியும் சமாரியம்-153 என்ற கதிரியக்க மருந்தைக் கொடுத்த பின் ஜெம்சிட்டபினால் கட்டியை உணர்திறன் மிக்கதாக்கும் முயற்சி அமெரிக்காவில் 2005இல் பதிவானது. நோயுற்ற எலும்புத் துண்டை வெளியே எடுத்து, ஒரே தடவையில் 50 கிரே (கதிர் அளவின் அலகு) கதிர் கொடுத்து, அதே இடத்தில் திரும்பப் பொருத்தும் முறை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை உட்பட இந்தியாவின் பல இடங்களில் நடக்கிறது. உடலுக்கு வெளியே வைத்துக் கொடுக்கும்போது அளவுக்குத் தடை இல்லை.

இந்த வழிகள் எல்லாம் சிகிச்சை நிலையத்தை எட்டுபவர்களுக்கே பயன்படும். இலங்கையில் மாத்தளை மாவட்டத்தின் லக்கல, கண்டியிலிருந்து பார்த்தால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரிவர்ஸ்டன் மலைப்பாதை ஏறி, ரத்தோட்டை இறங்கி, மாத்தளை கடந்து கண்டிக்கு வந்தால்தான் கதிர் சிகிச்சை கிடைக்கும். அதற்கும் மேலான சிகிச்சைக்கு மகரகமவிலுள்ள தேசியப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். முழங்கால் வீக்கத்தை விளையாட்டில் பட்ட அடி என்று எண்ணி, எண்ணெய் பூசிக் கட்டும் முறிவு நெரிவு வைத்தியரிடம் முதலில் செல்வது இலங்கைக் கிராமங்களில் நெடுநாள் வழக்கம். முறிவுக்கு அந்த வைத்தியம் பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் இரவில் நோகும், வாரக்கணக்கில் பெருக்கும் வீக்கத்துக்கு முதலில் தேவைப்படுவது எக்ஸ் கதிர்ப் படம்.

தூரத்திலிருந்து வருவோரின் சுமையைக் குறைக்கும் வழியொன்று, எலும்பில் தோன்றாமல் அங்கு பரவிய நோய்க்கு உண்டு. வேறு உறுப்பிலிருந்து எலும்புக்குப் பரவிய புற்றின் வலிக்கு, 8 கிரே அளவில் ஒரே ஒரு தடவை கொடுக்கும் கதிர், பல நாள் பிரித்துக் கொடுப்பதற்கு நிகராக வலியைத் தணிக்கிறது என்பதை பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் நடந்து 1999இல் வெளியான பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தின. சிலருக்குப் பின்னர் மீண்டும் ஒரு தடவை தேவைப்படலாம். இரண்டு வாரம் கண்டியில் தங்க இடம் தேட வேண்டிய லக்கல நோயாளி, ஒரே நாளில் சிகிச்சை முடித்து வீடு திரும்ப இந்த முறை இடமளிக்கிறது.