எடைவரம்பற்ற பிரிவு: ஜான் டேவிஸ் முதல் குர்தீப் சிங் வரை

பளுதூக்குதலில் ஒவ்வொரு பிரிவுக்கும் வீரரின் உடல் எடையில் மேல்வரம்பு உண்டு. ஒரே ஒரு பிரிவுக்கு மட்டும் அது இல்லை. ஆடவருக்கான அதிகபட்ச எடைப்பிரிவு 1969இல் 110 கிலோவுக்கு மேற்பட்டோருக்கு என வகுக்கப்பட்டது. பின்னர் அதன் அடிவரம்பு 1993இல் 108, 1998இல் 105, 2018இல் 109 கிலோ என மாறியது. உடலை வளர்த்தெடுக்க எந்தத் தடையும் இல்லாத இந்தப் பிரிவில்தான் ஓர் அடிப்படைக் கேள்வி கூர்மையாக எழுகிறது: அத்தகைய உடலை வளர்க்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

குர்தீப் சிங்கின் பயணம்

பஞ்சாபின் கன்னா வட்டாரத்தில் உள்ள மாஜ்ரி ரசூல்ரா கிராமத்தைச் சேர்ந்த குர்தீப் சிங், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 105 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் நான்காம் இடம் பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 ஆகஸ்டு 3 அன்று பர்மிங்காமில் 109 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் வெண்கலம் வென்றார். ஸ்னாட்ச் முறையில் 167 கிலோ, க்ளீன் அண்ட் ஜெர்க் முறையில் 223 கிலோ, மொத்தம் 390 கிலோ. பாகிஸ்தானின் நூஹ் தஸ்தகீர் பட் 405 கிலோ தூக்கித் தங்கமும், நியூசிலாந்தின் டேவிட் லிட்டி 394 கிலோ தூக்கி வெள்ளியும் வென்றனர். அந்தப் போட்டியில் பளுதூக்குதலில் இந்தியா பெற்ற 10 பதக்கங்களில் இதுவும் ஒன்று.

இதே பிரிவின் உலகச் சாதனையோ 492 கிலோ. ஜார்ஜியாவின் லாஷா தலாகாட்ஸே 2021 டிசம்பரில் தாஷ்கண்டில் 225, 267 கிலோ தூக்கி அதை நிகழ்த்தினார். குர்தீப்பின் வெண்கலத்துக்கும் அதற்கும் இடையே 102 கிலோ இடைவெளி உள்ளது. இது தனிமனித உழைப்பின் குறைபாடு அன்று. குழந்தைப் பருவ ஊட்டம், பயிற்சி, மருத்துவம், வேலைப் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் சேர்ந்து உருவாக்கும் இடைவெளி அது.

ஜான் டேவிஸ் காட்டும் பாடம்

1921இல் பிறந்த, நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த கறுப்பின வீரர் ஜான் டேவிஸ், தாயின் அரவணைப்பில் வளர்ந்தவர். 1938இல், நாஜிக்கள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய அதே ஆண்டில், வியன்னாவில் நடந்த உலகப் போட்டியில் 17 வயதில் பட்டம் வென்றார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் எடைவரம்பற்ற பிரிவில் எவராலும் வெல்லப்படாதவராக விளங்கினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மூன்று முறைகளிலும் சேர்த்து 452.5 கிலோவும், 1952 ஹெல்சிங்கியில் 460 கிலோவும் தூக்கித் தங்கம் வென்றார். 1953இல் ஸ்டாக்ஹோமில் கனடாவின் டக் ஹெப்பர்னிடம் தோற்கும் வரை அந்த ஆதிக்கம் நீடித்தது.

அவர் இரண்டாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றபோது, பள்ளிகளில் நிறப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என்ற பிரவுன் வழக்குத் தீர்ப்பு வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. உலகின் ஆகப் பலசாலி என்று போற்றப்பட்டவருடைய மக்களுக்கு, நாட்டின் பல மாநிலங்களில் சம பள்ளிகூட மறுக்கப்பட்டிருந்தது. பதக்கம் அவருக்கு வருமானம் தரவில்லை. சிறைக் காவலராகப் பணியாற்றிய அவர் 1984இல் காலமானார். ஒடுக்கப்பட்ட ஒருவரின் வெற்றியைத் தேசம் கொண்டாடுவதும், அவருடைய சமூகத்துக்கு உரிமை வழங்குவதும் ஒன்றல்ல என்பதே இதன் பாடம்.

தட்டில் தொடங்கும் பாகுபாடு

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21) இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பட்டியல் சாதியினரிடையே இது சுமார் 39 விழுக்காடு. எடைவரம்பற்ற பிரிவுக்கான தேர்வு, பயிற்சிக் கூடத்தில் அல்ல, இங்கேயே நடந்து முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் சத்துணவில் முட்டை இடம்பெறுவது இந்த வகையில் குறிப்பிடத்தக்கது. 2015இல் மத்தியப் பிரதேச அரசு அங்கன்வாடிகளில் முட்டை வழங்க மறுத்தது. 2021இல் கர்நாடகத்தில் பள்ளிகளில் முட்டை வழங்குவதைச் சில மடாதிபதிகள் எதிர்த்தனர். சைவ உணவே தூய்மை என்னும் சாதியக் கருத்து, ஏழைக் குழந்தையின் புரதத்தைப் பறிக்கும் கொள்கையாகவே முடிகிறது. மக்களின் ஊட்ட நிலையை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என அரசமைப்புச் சட்டத்தின் 47ஆம் உறுப்பு கூறுகிறது.

தமிழ்நாட்டில் திறமைக்குப் பஞ்சமில்லை. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றார். புதுக்கோட்டை மாவட்டத்தின் அனுராதா பவுன்ராஜ் 2019இல் சமோவாவில் நடந்த காமன்வெல்த் பளுதூக்கும் சாம்பியன்ஷிப்பில் 87 கிலோ பிரிவில் தங்கம் வென்றார்.

சட்டம் தரும் வழிகள்

அயனம்பாக்கம், அம்பத்தூர், ஆவடி போன்ற மேற்குப் புறநகர்ப் பகுதிகளின் சேரி இளைஞர்களுக்கும் அவர்களுடன் பணியாற்றும் மாணவர்களுக்கும் நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, நுழைவுரிமை. அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் தடுப்பதை 15(2)ஆம் உறுப்பு தடை செய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பொது இடத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைப் பிரிவு 3(1)-இன் இசட்ஏ உட்பிரிவில் குற்றமாக்கியுள்ளது. அரசு உடற்பயிற்சிக் கூடமும் விளையாட்டரங்கும் பொது இடங்களே.

இரண்டாவது, நிதி. 2024ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டியல் சாதியினர் மற்றும் பட்டியல் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டம், இம்மக்களுக்கான நிதி ஒதுக்கீட்டைச் சட்டக் கடமையாக்கியுள்ளது. அதில் விளையாட்டுக்கு எவ்வளவு செலவிடப்பட்டது, எந்தக் குடியிருப்பில் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்.

மூன்றாவது, வேலை. சாதனை புரிந்த வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதற்குத் தேவைப்படும் போட்டிச் சான்றுகளைத் தொடக்கம் முதலே சேர்த்து வைக்க வேண்டும்.

நான்காவது, ஊக்கமருந்து குறித்த விழிப்பு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தாலே அது மீறல். அறியாமல் உட்கொண்டேன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், மீறலை நீக்காது. பயிற்சியாளர் தரும் பொடியையும் மாத்திரையையும் கேள்வியின்றி வாங்கும் ஏழை வீரரே இதில் எளிதில் சிக்குகிறார். தலாகாட்ஸே கூட 2013இல் தடைக்கு உள்ளாகி, மீண்டு வந்து மூன்று ஒலிம்பிக் தங்கங்களை வென்றார். மீண்டு வருவதற்கான ஆதரவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

எடைவரம்பற்ற பிரிவுக்கு விதிப்புத்தகத்தில் மேல்வரம்பு இல்லை. சாதி விதித்த வரம்புகளை ஊட்டத்திலும், பயிற்சிக் கூடத்திலும், நிதி ஒதுக்கீட்டிலும் கண்டறிந்து அகற்றுவதே நம்முன் உள்ள பணி.