செபலோஸ்போரின்களின் வரலாறு: ஆற்றலும் நிலைப்பும்

முன்னுரை

நுண்ணுயிர் எதிர்ப்பிகளின் வரலாறு பெரும்பாலும் ஆற்றல் மிக்க பொருள்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. செபலோஸ்போரின்கள் இதற்கு விலக்காகும். ஆற்றல் குறைந்த ஒரு பொருளே இங்கு ஒரு பெரும் மருந்துக் குடும்பத்திற்கு மூலமாயிற்று. அதன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சார்டினியாவும் ஆக்ஸ்போர்டும்

இத்தாலியின் சார்டினியாத் தீவிலுள்ள காலியரி பல்கலைக்கழகத்தின் சுகாதாரவியல் பேராசிரியர் ஜுசெப்பே புரோட்சு, 1945இல் நகரக் கழிவுநீர் கடலில் கலக்குமிடத்திலிருந்து செபலோஸ்போரியம் என்னும் பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். அதன் சாறு டைபாய்டு கிருமி உள்ளிட்ட பலவற்றின் வளர்ச்சியைத் தடுத்தது. 1948இல் தம் முடிவுகளை வெளியிட்ட அவர், பூஞ்சையை ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பினார். அங்கு எட்வர்டு ஆபிரகாமும் கை நியூட்டனும் அதனை ஆராய்ந்தனர். டைபாய்டு கிருமியைத் தடுத்த பொருள் பெனிசிலின் வகையினதே எனத் தெரியவந்தது. 1953இல் அதனைத் தூய்மைப்படுத்துகையில், உடன் கலந்திருந்த வேறொரு பொருள் கிடைத்தது. அதுவே செபலோஸ்போரின் சி.

நிலைப்பின் பயன்

செபலோஸ்போரின் சியின் கிருமியெதிர்ப்பு ஆற்றல் குறைவு. எனினும், பெனிசிலினைச் சிதைக்கும் பெனிசிலினேஸ் நொதியை அது தாங்கி நின்றது. பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் மருத்துவமனைகளில் பரவிய அக்காலத்தில் இப்பண்பு முதன்மை பெற்றது. 1960இல் வந்த மெத்திசிலின் அவ்வுடனடித் தேவையை நிறைவுசெய்ததால், செபலோஸ்போரின் சி நேரடியாக மருந்தாகவில்லை. அதன் மைய வளைய அமைப்பே மதிப்புடையதாக எஞ்சியது. 1961இல் டோரதி ஹாட்ஜ்கின் எக்ஸ் கதிர்ப் படிகவியல் வழியாக மூலக்கூற்றின் அமைப்பை உறுதிசெய்தார். 1962இல் எலி லில்லி நிறுவன வேதியியலாளர்கள் அதன் பக்கச் சங்கிலியை நீக்கி, மைய அமைப்பைப் போதிய அளவில் பெறும் முறையை வெளியிட்டனர். அதனுடன் புதிய பக்கச் சங்கிலிகளை இணைத்து ஆற்றலைப் பெருக்க இயன்றது. 1964இல் செபலோதின் விற்பனைக்கு வந்தது.

நொதிகளின் எதிர்வினை

செஃபோடாக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறை மருந்துகள், கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களின் பல நொதிகளையும் தாங்கின. ஆனால் அவற்றையும் சிதைக்கும் திரிபு நொதிகள் குறித்து 1983இலேயே ஜெர்மனியிலிருந்து செய்தி வெளியாயிற்று. 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செஃபிடெரோகால், பல நொதிகளைத் தாங்குவதோடு, பாக்டீரியா இரும்பை உள்வாங்கும் வழியைப் பயன்படுத்தியே அதனுள் நுழைகிறது.

முடிவுரை

நொதியைத் தாங்கும் தன்மையையும் அளவுகோலாகக் கொண்டதாலேயே செபலோஸ்போரின் சி கைவிடப்படாமல் காக்கப்பட்டது. அத்தாங்குதிறன் நிரந்தரமன்று என்பதைப் பின்வரலாறு காட்டுகிறது. ஆகவே இக்குடும்பத்தின் தலைமுறைகளை முன்னேற்றத்தின் படிகளாக மட்டும் கொள்ளாது, பாக்டீரியாக்களின் எதிர்ப்புக்கு அளிக்கப்பட்ட மறுமொழிகளாகவும் கொள்வதே பொருந்தும்.