நடுத்தர விலை சுவிஸ் இயந்திரக் கைக்கடிகாரம்

நடுத்தர விலை சுவிஸ் இயந்திரக் கைக்கடிகாரம் பேட்டரி இல்லாமல் சுருள்வில்லின் விசையால் ஓடுவது. டிசோ, ஹாமில்டன், லோன்ஜின், ஓரிஸ், டியூடர் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. காலம் தவறாமல் சர்வீஸ் செய்தால் ஒரு மனிதரின் ஆயுள் முழுவதும் உழைக்கும். அடுத்த தலைமுறைக்கும் கைமாறும்.

வரலாறு

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியே இத்தொழிலின் தாயகம். லோன்ஜின் 1832-இல் சான் இமியேயிலும், டிசோ 1853-இல் லெ லோக்கிலிலும் தொடங்கப்பட்டன. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு சுவிஸ் தொழில் நிலைகுலைந்தது. 1970-இல் சுமார் 90,000 ஆக இருந்த தொழிலாளர் எண்ணிக்கை, 1980களின் நடுவில் 30,000 அளவுக்குச் சுருங்கியது. 1983-இல் இரு பெருங்குழுமங்கள் இணைக்கப்பட்டன. பின்னாளில் ஸ்வாட்ச் குழுமம் எனப் பெயர் பெற்றது இந்த அமைப்பே. கிரென்கனில் உள்ள அதன் ஈடிஏ ஆலை பல நிறுவனங்களுக்கும் பொதுவான பொறிகளைச் செய்து கொடுத்தது. நடுத்தர விலைக் கடிகாரங்களுக்கு இன்றும் உதிரிபாகம் எளிதில் கிடைக்க இந்தப் பொதுமையே காரணம்.

பொறி

தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளிருக்கும் பொறியை. ஈடிஏ 2824-2 மணிக்கு 28,800 முறை துடிக்கும். 25 மாணிக்கக் கற்கள் கொண்டது. முழுச் சாவியில் ஏறத்தாழ 38 மணி நேரம் ஓடும். லா ஷோ த ஃபோனைச் சேர்ந்த செலிட்டாவின் எஸ்டபிள்யூ200 இதே அமைப்பில் உருவானது. இவ்விரண்டையும் பிரித்துப் பழகிய கைவினைஞர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஈடிஏவின் பவர்மேட்டிக் 80 பொறி துடிப்பை 21,600 ஆகக் குறைத்து, 80 மணி நேரம் ஓடுகிறது. ஆனால் வேகத்தைத் திருத்தும் வழக்கமான நெம்புகோல் இதில் இல்லை. சில பதிப்புகளில் முக்கிய உறுப்புகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. ஓரிஸ் 2020-இல் வெளியிட்ட காலிபர் 400 பொறி 120 மணி நேரம் ஓடும். அதற்கு அந்நிறுவனம் பரிந்துரைக்கும் சர்வீஸ் இடைவெளி 10 ஆண்டு.

கூடும் கண்ணாடியும்

316எல் துருப்பிடிக்கா எஃகுக் கூடு வியர்வையைத் தாங்கும். சஃபையர் கண்ணாடி மோஸ் அளவுகோலில் 9 கடினம் உடையது. எளிதில் கீறல் விழாது. 30 மீட்டர் என்று குறித்த கடிகாரம் மழைத்துளிக்கும் கைகழுவுவதற்கும் மட்டுமே ஏற்றது. நீந்துபவர் 100 மீட்டர் தாங்குதிறனும், திருகி மூடும் சாவியும் உள்ளதை வாங்குவது நல்லது. சிலிக்கான் மயிரிழைவில் கொண்ட பொறியைக் காந்தப்புலம் பாதிப்பது குறைவு.

முத்திரைகள்

‘சுவிஸ் மேட்’ என்று பொறிக்க, 2017 முதல் உற்பத்திச் செலவில் 60 விழுக்காடாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். இது பிறப்பிடத்துக்கான சான்று, நீடித்த உழைப்புக்கான சான்று அல்ல. கடிகாரத் துல்லியத்தைச் சோதிக்கும் சுவிஸ் அமைப்பான சிஓஎஸ்சியின் சான்று பெற்ற பொறி, சோதனையில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடிக்கு மேல் பிந்தாமலும் 6 நொடிக்கு மேல் முந்தாமலும் ஓடியது என்று பொருள்.

பராமரிப்பு

எண்ணெய் உலர்ந்தால் உறுப்புகள் உராய்ந்து தேயும். எனவே பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை பொறியைப் பிரித்துக் கழுவி எண்ணெய் இட வேண்டும். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்களை அப்போதே மாற்றிவிட வேண்டும். இரவு 9 மணி முதல் பின்னிரவு 3 மணி வரை தேதியைக் கையால் மாற்றக் கூடாது. பல பொறிகளில் அப்போது தேதிச் சக்கரம் பல்லில் பூட்டியிருக்கும், திருகினால் பல் உடையலாம்.

வாழ்நாள் முழுவதற்கும் வாங்குபவர், பெயரையும் டயலின் அழகையும் விட, உதிரிபாகம் கிடைக்கும் பொறியையும் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைவினைஞர் அருகில் இருப்பதையும் உறுதிசெய்துகொள்வதே சரியான தேர்வு.