நாலு ஒயர் வெளியே வந்த கதை

எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எந்த மரம், எந்த ஆம்ப், எந்த பெடல் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். பிக்கப்பிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் ஒயரைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இத்தனைக்கும் அதே காந்தம், அதே காயில்... ஒயரை மாற்றி இணைத்ததாலேயே ஒரு பிக்கப் மூன்று நான்கு குரலில் பேச ஆரம்பித்தது. இதில் கிட்டார் கம்பெனிகளின் பங்கைவிட, வாங்கி வாசித்தவர்களின் பங்குதான் அதிகம். கம்பெனிகள் பல வருஷம் கழித்து மெதுவாகப் பின்னால் வந்தன.

முதலில் பிக்கப் என்றால் என்ன? ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய செம்பு ஒயரில் ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும், காயிலில் துளி மின்சாரம் பிறக்கும். ஆம்ப் அதைப் பெரிதாக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்! அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் 1931ல் இதைச் செய்து காட்டினார். அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932ல் விற்பனைக்கும் கொண்டுவந்தார். வட்ட உடம்பும் நீளக் கைப்பிடியுமாக இருந்ததால் அந்தக் கிட்டாருக்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர் விழுந்தது. பேடன்ட் கைக்கு வர 1937 ஆகிவிட்டது.

இதில் ஒரு தொல்லை உண்டு. காயில் என்பது ஒரு ஆன்டெனாவும் கூட. கம்பியின் அதிர்வை மட்டும் கேள் என்றால் கேட்காது. பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் எல்லாவற்றின் முனகலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் கரண்ட் விநாடிக்கு 60 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது (நம் ஊரில் 50). அந்த 'ஊம்ம்ம்' சத்தம் பாட்டோடு சேர்ந்தே வரும். சுமார் இருபது வருஷம் எல்லோரும் இதைச் சகித்துக்கொண்டுதான் வாசித்தார்கள்.

தீர்த்து வைத்தவர் சேத் லவர். அமெரிக்கக் கடற்படையில் ரேடியோ வேலை பார்த்துவிட்டு கிப்சன் கம்பெனியில் ஆம்ப் வடிவமைத்துக்கொண்டிருந்தவர். ஒன்றுக்குப் பதில் இரண்டு காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றின் காந்த முனைக்கு மற்றதன் முனை எதிர். இணைப்பின் திசையும் எதிர். வெளியிலிருந்து வரும் முனகலுக்குக் காந்தம் எப்படி இருந்தால் என்ன? அது இரண்டு காயிலிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு செத்துவிடும். கம்பியின் ஒலியோ இரண்டு முறை திருப்பப்படுவதால் பழைய நிலைக்கே வந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். கணக்கில் மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ் ஆகிற மாதிரி. முனகலை மடக்குவதால் பெயர் ஹம்பக்கர். விண்ணப்பம் போட்டது 1955, கிட்டாரில் வந்தது 1957, பேடன்ட் கிடைத்தது 1959. அதே நேரத்தில் ரே பட்ஸ் என்பவரும் தனியாக இதே யோசனைக்கு வந்து, கிரெட்ச் கம்பெனிக்காக இரட்டைக் காயில் பிக்கப் செய்தார் என்பது தனிக்கதை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். பேடன்ட் கிடைத்த பிறகும் பிக்கப்பின் அடியில் 'விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற ஸ்டிக்கரையே கிப்சன் சில வருஷம் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் எண் போட்ட ஸ்டிக்கர் வந்தது. அந்த எண்ணைத் தேடிப் போனால் கிடைப்பது லெஸ் பாலின் கம்பி மாட்டும் பாகத்துக்கான பேடன்ட்! போட்டிக் கம்பெனிகளை அலையவிடத்தான் இப்படிச் செய்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

சரி, ஒயருக்கு வருவோம். ஹம்பக்கரில் காயிலுக்கு இரண்டு முனை வீதம் மொத்தம் நாலு முனைகள். கிப்சன் அவற்றை உள்ளேயே சால்டர் செய்து, இரண்டு காயிலையும் சீரிஸில் கட்டி, மேலே டேப் சுற்றி, உலோக மூடி போட்டு, ஒரே ஒரு ஒயரை மட்டும் வெளியே விட்டது. எர்த்துக்கு அந்த ஒயரின் மேலேயே பின்னப்பட்ட உலோக வலை. ஒலி இப்படித்தான் இருக்கும், எடுத்துக்கொள் என்பதுதான் அதன் அர்த்தம். தடித்த, கதகதப்பான ஒலி, சந்தேகமில்லை. ஆனால் ஒற்றைக் காயிலின் கண்ணாடி உடைந்த மாதிரியான பளிச் சத்தம் அதில் வராது.

இந்தப் பக்கம் ஃபெண்டர் கம்பெனியில் வேறு கூத்து. 1954ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்கப், மூன்று நிலை ஸ்விட்ச். ஒரு நேரத்தில் ஒரு பிக்கப்தான் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. வாசிப்பவர்களோ ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே தொங்கலாக நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டு பிக்கப்பும் பேரலலில் சேர்ந்து, எந்தப் பிக்கப்பிலும் தனியாகக் கிடைக்காத ஒரு ஒலி வந்தது. கை பட்டால் ஸ்விட்ச் நகர்ந்துவிடும் என்று அதைத் தீக்குச்சி செருகி நிறுத்தியவர்கள் கூட உண்டு என்பார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை ஸ்விட்சைப் போட்டது 1977ல். அதாவது 23 வருஷம் கழித்து!

பீட்டர் கிரீனின் கதை இன்னும் வேடிக்கை. ஃப்ளீட்வுட் மேக் குழுவில் அவர் வாசித்த 1959 லெஸ் பாலில், கழுத்துப் பக்க பிக்கப்பின் உள்ளே காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் கம்பியின் ஒலி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அடித்தொனி காணாமல் போய், மூக்கடைத்த மாதிரி ஒரு அழுகுரல் மிஞ்சும். அவர் அந்தப் பிக்கப்பைக் கழற்றித் திருப்பி மாட்டியிருந்தார். அதனால்தான் இந்த ஒலி என்று பலர் நம்பினார்கள். பிக்கப்பைத் திருப்பி வைப்பதால் இது நடக்காது, காந்தத்தைத் திருப்பினால்தான் நடக்கும். கேட்டால் ரிப்பேர் என்று சொல்லிவிடக்கூடிய ஒரு விஷயத்தைத்தான் பிறகு ஆயிரம் பேர் காசு கொடுத்துச் செய்துகொண்டார்கள். கிட்டார் அவரிடமிருந்து கேரி மூர் கைக்குப் போய், 2014ல் மெடாலிக்காவின் கர்க் ஹாமட்டிடம் வந்து சேர்ந்தது.

லண்டனில் 1963ல் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இதையெல்லாம் ஸ்விட்சிலேயே வைத்துவிட்டான். பின்னாளில் குவீன் குழுவின் பிரையன் மே. எலக்ட்ரானிக்ஸ் எஞ்சினியரான அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தில் கிட்டாரின் கழுத்தையே செதுக்கியவர். மூன்று பர்ன்ஸ் பிக்கப்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிறு ஸ்விட்ச்: ஒன்று ஆன் ஆஃப், மற்றது திசை மாற்ற. மூன்றும் சீரிஸில். கடையில் வாங்கிய எந்தக் கிட்டாரும் அன்று இவ்வளவு வசதி தரவில்லை. காசில்லாததால் வீட்டில் செய்தது என்பதுதான் இதில் ரசிக்க வேண்டியது.

ஹம்பக்கரின் டேப் எப்போது பிரிந்தது? 1970களில். நியூயார்க்கில் லாரி டிமார்ஸியோ 1972 வாக்கில் 'சூப்பர் டிஸ்டார்ஷன்' என்று தனியாக பிக்கப் செய்து விற்க ஆரம்பித்தார். 1976ல் கலிஃபோர்னியாவில் சீமோர் டங்கன். கிட்டார் விற்காமல் பிக்கப் மட்டும் விற்பவருக்கு, வாங்குபவர் அதை எப்படி இணைப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே நாலு முனையையும் நாலு நிற ஒயராக வெளியே விடுவது வழக்கமானது. இங்கே தயவு வியாபாரத்தில் பிறந்தது, அதனாலென்ன!

நாலு ஒயர் கையில் இருந்தால் என்ன செய்யலாம்? சீரிஸ் என்பது திருவிழா சீரியல் செட் மாதிரி, ஒன்றன் பின் ஒன்று. பழைய தடித்த ஒலி. பேரலல் என்பது வீட்டு ஒயரிங் மாதிரி. காயிலுக்கு 4 கிலோ ஓம் என்றால் சீரிஸில் 8, பேரலலில் 2. ஒலி கொஞ்சம் சன்னமாகும், பளிச்சென்று ஆகும், முனகல் மட்டும் வராது. மூன்றாவது ஸ்பிளிட். நடுவில் இரண்டு காயிலும் சேரும் முடிச்சை எர்த்தில் தட்டிவிட்டால் ஒரு காயில் ஊமையாகும். ஒற்றைக் காயில் ஒலி கிடைக்கும், கூடவே பழைய முனகலும் திரும்ப வரும். சேத் லவர் பாடுபட்டு விரட்டியதை ஸ்விட்ச் போட்டுக் கூப்பிடுகிறார்கள்! பலர் இதை 'காயில் டேப்' என்பார்கள். அது தப்பு. ஒரே காயிலின் பாதிச் சுற்றில் ஒயர் எடுப்பதுதான் டேப். இரண்டு காயிலையும் ஒன்றுக்கொன்று எதிராகக் கட்டவும் முடியும், ஆனால் கம்பியின் ஒலி செத்து முனகல் கூடும் என்பதால் அதை விரும்புகிறவர்கள் அபூர்வம்.

ஃபெண்டரே 1979ல் 'லீட் ஒன்' என்ற கிட்டாரில் ஒரே ஒரு ஹம்பக்கர் வைத்து, காயில் தேர்வுக்கு ஒன்றும் சீரிஸா பேரலலா என்பதற்கு ஒன்றுமாக இரண்டு ஸ்விட்ச் கொடுத்தது. 1982க்குள் அது நின்றுபோனது. ஆனால் யோசனை நிற்கவில்லை. வால்யூம் திருகையே மேலே இழுத்தால் ஸ்பிளிட் ஆகும் வசதி இன்று விலை குறைந்த கிட்டார்களில் கூட உண்டு.

ஒயர் நிறத்தில்தான் இன்னும் ஒற்றுமை வரவில்லை. டங்கனில் ஒலி வரும் ஒயர் கருப்பு, நடு முடிச்சுக்குச் சிவப்பும் வெள்ளையும். டிமார்ஸியோவில் ஒலி சிவப்பில், நடு முடிச்சு கருப்பும் வெள்ளையும். ஒன்றின் படத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் சத்தம் சரியாக வராது. இரண்டிலும் பச்சை மட்டும் எர்த்துக்கு.

1967ல் கிப்சனை விட்டு ஃபெண்டருக்குப் போன சேத் லவர், அங்கேயும் ஒரு ஹம்பக்கர் வடிவமைத்துக் கொடுத்தார். வயதான காலத்தில் சீமோர் டங்கனோடு சேர்ந்து தன் முதல் வடிவத்தைத் திரும்பச் செய்தார். 1997ல் அவர் இறந்தார். அவர் பெயரிலேயே விற்கும் அந்தப் பிக்கப் இரண்டு விதமாகக் கிடைக்கிறது: உலோக வலை சுற்றிய பழைய ஒற்றை ஒயரில் ஒன்று, நாலு ஒயரில் ஒன்று.